தங்கையின் எண்

ஹட்டன் கடைவீதியில், மின்சாதனக் கடையொன்றில் வேலை பார்ப்பவர் அவர். ஒல்லியான பெண். பேச்சுக்கிடையே தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். நான் போன அன்று, வாடிக்கையாளர்களின் மாறிய போன் எண்களைத் தேடித் தரும் நிறுவனமொன்றின் சேவையைக் கடைக் கணினியின் வாடிக்கையாளர் பதிவோடு இணைத்திருந்தார்கள்.

“என் தங்கச்சியும் இந்தப் பதிவுல இருக்கா. வெளிநாடு போயி மூணு வருஷமா பேச்சே இல்ல. புது நம்பர் வந்திருக்கும்” என்றார் அவர்.

தங்கையின் பெயரைத் தட்டினார். எண் மாறித்தான் இருந்தது. ஆனால் அது தங்கையுடையதல்ல, இவருடைய சொந்த எண். இருவரும் வாழ்ந்த தேயிலைத் தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் ஒரே விலாசம். கணினி அதை வைத்து அக்காவின் எண்ணைத் தங்கைக்குப் பொருத்திவிட்டது.

“திருத்திடலாமே?” என்றேன்.

“வேணாங்க. யாராச்சும் அவளத் தேடினா எனக்குத்தானே போன் வரும்.”

அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய போன் அடிக்கிறதா என்று இன்றும் கவனிக்கிறேன்.