கூடத்துத் தொட்டியில் செம்பாசி

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. அந்த ஆசை ஒரு மழைக்காலம் வரை தாங்கியது. அப்புறம் தொட்டி என் தலையில் வந்து விழுந்தது. உப்பு கரைப்பதிலிருந்து கண்ணாடி துடைப்பதுவரை நான்தான். இரண்டு கோமாளி மீன்கள். கூடவே மணலை வாயில் அள்ளி, இரை தேடிச் சலித்து, செவுள் வழியே உதிர்க்கும் ஒரு சின்ன மீன்.

தொட்டிக்கு அழகே அடியில் கிடக்கும் வெள்ளை மணல்தான். ஒருநாள் அதன் மூலையில் கருஞ்சிவப்பாக ஏதோ படர்ந்திருந்தது. வாரம் திரும்புவதற்குள் சிவப்பு வெல்வெட் துணியை விரித்ததுபோல மணல் முழுக்கப் பாசி. குழாய் வைத்து உறிஞ்சினால் பாலாடைபோல ஏடாக வந்துவிடும், மறுபடியும் படர்ந்துவிடும். மணல் சலிக்கும் மீன் பாறையடியில் ஒதுங்கி மெலிய ஆரம்பித்தது.

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அந்த மாதம் எங்கள் வீட்டில். ஜெபமாலை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது எதிர்வீட்டு அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா மா இது, ரத்தம் உறைஞ்ச மாதிரி கீது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தொட்டியை மறைத்தாற்போல நகர்ந்து நின்றேன்.

அவர்கள் போனதும் கணவர், "பேசாம தண்ணிய வடிச்சிட்டு தங்கமீன் வுட்டுக்கலாம். உனக்கும் வேலை மிச்சம்" என்றார்.

மீன் கடைக்காரரோ ஒரு மருந்தை எடுத்து நீட்டினார். ஊற்றினால் பாசி செத்துவிடுமாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறவள். பழுதான பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, பழுது எங்கே நுழைந்தது என்று பார்க்காமல் விட்டால் நாளைக்கும் அதே பழுது வரும். மருந்து வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உப்பு கரைக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் ஃபில்டரை மாற்றினேன். பாசி அசையவில்லை. விளக்கை அணைத்துத் தொட்டியைச் சில நாள் போர்வையால் மூடி வைத்தேன். மங்கியது, வெளிச்சம் பட்டதும் திரும்ப வந்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை மணல் பக்கம் திருப்பினேன். ஓட்டம் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. தண்ணீரைச் சோதித்தால் கழிவு ஏகத்துக்கும் இருந்தது. காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன், இவ்வளவு கழிவு எங்கிருந்து?

காய்ச்சலுக்கு லீவு போட்டுப் படுத்திருந்த நாளில் விடை கிடைத்தது. மாமனார் பணி ஓய்வு பெற்றவர். நாங்கள் வேலைக்குப் போனால் பகலெல்லாம் தனியாக இருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தவர் தொட்டி முன்னால் நின்று ஒரு சிட்டிகை தீனி போட்டார். பேப்பர் படித்து முடித்ததும் இன்னொரு சிட்டிகை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து மறுபடியும். அவர் நிழல் பட்டாலே கோமாளி மீன்கள் மேலே பாய்ந்து வந்தன.

"மாமா, எத்தினி வாட்டி போடுவீங்க?"

"நான் எங்கமா போடுறேன்? அதுங்களா கூப்புடுதுங்க. வாயப் பொளந்துகினு கீதுங்க பாரு."

மிஞ்சிய தீனி மணலில் இறங்கி அழுகுவதையும், பாசிக்கு அதுவே சாப்பாடு என்பதையும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ மணலு செவந்தது என்னாலயா?"

தீனி டப்பாவை ஒளித்து வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அவருடைய பகலுக்கு அந்த மீன்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? "இனிமே தீனி உங்க பொறுப்பு மாமா. காலையில ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. நான் கை வைக்க மாட்டேன். ஆனா மணல் சுத்தம் பண்ணும்போது நீங்களும் கூட நிக்கணும்" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொழாய எங்க வெச்சிருக்கே?"

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இருவரும் வேலையில் இறங்கிவிடுவோம். நான் குழாயை மணல்மேல் நகர்த்துவேன். அவர் மறுமுனையை வாளியில் பிடித்திருப்பார். தண்ணீர் அதிகம் போனால் விரலால் நசுக்கி நிறுத்துவார். வடித்த அளவுக்குப் புது உப்புநீர் ஊற்றுவோம். சிவப்பு முதலில் நடுவில் கிழிந்தது, பிறகு முன்பக்கம் விலகியது. பாறைக்குப் பின்னால் இருந்த மூலைதான் கடைசிவரை அடம்பிடித்தது.

ஒரு சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது. அந்தச் சின்ன மீன் தொட்டியின் நட்டநடுவில் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே உதிர்த்துக்கொண்டிருந்தது. மாவு சலித்ததுபோல வெள்ளையாக இறங்கியது மணல். தோள்பையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். தொழிற்சாலையில் எத்தனையோ பொருளைச் சரி என்று அனுப்பியிருக்கிறேன். எதன் முன்னாலும் இப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்றதில்லை.

போன வாரம் கணவர் தன் நண்பரை அழைத்து வந்து தொட்டியைக் காட்டினார். "மணலு எப்டி கீது பாரு மச்சான்! மருந்தே ஊத்தல. எல்லாம் நாங்களே பண்ணது."

நாற்காலியிலிருந்து மாமனார் குரல் வந்தது. "நாங்களா? நீ எங்கடா பண்ணே? அது எம் மருமவ பண்ணது. நான் கொழாய் புடிச்சேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த நான் சமையலறையிலேயே சிரித்துவிட்டேன்.