நீலத் தண்ணீர்ப் போத்தல்

போன கிழமை குசினி மேல்தட்டைத் துப்புரவாக்கும்போது மகளின் பழைய தண்ணீர்ப் போத்தல் அகப்பட்டது. நீல நிறம், அகன்ற வாய், மூடியில் பாதி உரிந்த முயல் படம். திறந்து மணந்து பார்த்தேன். எத்தனையோ முறை கழுவிய போத்தல். பிளாஸ்டிக் மணம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கோ ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

ஈரச் சுண்ணாம்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது நான் வளர்ந்த அன்புவழிபுரத்து வீடு. தைப்பொங்கலுக்கு முன் அப்பா சுவருக்கு வெள்ளை அடிப்பார். அது கடலில் வளரும் பவளப்பாறையான முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அயல் வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளை முருகைக்கல்லும் இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. நாற்பது வயதிலும் அப்படி ஒன்று வைக்கும் ஆசை எனக்குள் கிடந்தது என்றால் சிரிப்பீர்கள். மிச்சத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அந்த நாட்களில் நான் திருகோணமலையிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். புறாத்தீவு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முருகைக்கற்களைப் பொறுக்கிச் செல்வதைக் கண்டித்து நானே எழுதியிருக்கிறேன். அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிலாவெளியில் படகு ஏறினேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு.

தீவில் இறங்கியதும் பூங்கா உத்தியோகத்தர் குனிந்து பிள்ளைகளுக்குச் சொன்னார்: "பாக்கலாம். எடுக்கக் கூடாது." மகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தம்பி ஒரு சிப்பியைத் தொட்டாலும் "வையடா, வை" என்று அதட்டினாள். எதைக் கண்டாலும் கைக்குள் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வருவது அவள் வழக்கம். ஒருமுறை செத்த தும்பி, இன்னொருமுறை யாருடையதோ சட்டைப் பொத்தான். அன்றும் வந்தாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. காட்டிப்போட்டு அங்கயே வைக்கப்போறன்."

கிளை விட்ட சின்ன முருகைக்கல். அலுமாரிக்கு அளவானது.

"வைக்க வேண்டாம் பிள்ளை. வீட்ட கொண்டுபோவம்."

"எடுக்கக் கூடாதெண்டு அந்த மாமா சொன்னவரெல்லோ?"

"ஒண்டுதானே."

போத்தலில் இருந்த தண்ணீரை மணலில் ஊற்றினேன். கல்லை உள்ளே போட்டு, போத்தலை அவள் கழுத்தில் மாட்டினேன். படகுக்கு நடக்கும்போது அது கடகடவென்றது. படகோட்டி கிண்ணியாக்காரர், காலையிலிருந்து எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். "என்ன சேர், மகள்ட தண்ணி கல்லாப் போச்சோ?" என்றார். பின்னால் உத்தியோகத்தர் நிற்பதைப் பிறகுதான் கண்டு நாக்கைக் கடித்தார்.

உத்தியோகத்தர் போத்தலைத் திறந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "சின்னப் பிள்ளைதானே சேர். தெரியாமல் எடுத்துப்போட்டா."

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் குனிந்து மகனின் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"சொறி மாமா" என்றாள்.

அவர் அவள் தலையைத் தடவிவிட்டுக் கல்லைக் கடலில் விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைச் சொல்லத்தான் இன்றும் கூசுகிறது. திரும்பும் வழியில் படகோட்டி ஒரு பகிடியும் விடவில்லை. கரையில் மகளைத் தூக்கி இறக்கும்போது அவளிடம் மட்டும் சொன்னார்: "நீங்க நல்ல பிள்ளை, மகள்."

அத்தோடு விட்டிருக்கலாம். நான் அதையும் கட்டுரையாக்கினேன். சிறுவர்கள் அறியாமல் முருகைக்கற்களை எடுத்துவிடுகிறார்கள், பெற்றோரே கவனமெடுக்க வேண்டும் என்று எழுதினேன். எதையும் இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தாமல் எழுதமாட்டேன் என்பது என் பெருமை; அதற்கும் இரண்டு பேரைக் கேட்டேன். பத்திரிகை வந்த அன்று மகள் கதிரையில் முழங்காலிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்பா, இது நானோ?"

"இல்லைப் பிள்ளை. பொதுவா எழுதினது."

இப்போது அவள் மட்டக்களப்பில் படிக்கிறாள். கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்வாள்: ஓம் அப்பா, இல்லை அப்பா. நீலப் போத்தல் அகப்பட்டதைத் தொலைபேசியில் சொன்னேன். "எந்தப் போத்தல்?" என்றாள். உண்மையாகவே மறந்தாளோ, என்னை மன்னித்துவிட்டாளோ, கேட்கத் துணியவில்லை.

பொத்திய கையோடு அவள் ஓடி வருவது எந்த மாதத்தில் நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். திகதியும் இடமும் குறித்து வைப்பதே தொழிலாக இருந்தவன், அதை மட்டும் குறிக்கவில்லை.