வியர்த்த பிணம்

வெண்டலின் புரோஹாஸ்கா இருபது வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் பிணமானார். வியன்னாவுக்கு வடக்கே எங்கள் திராட்சைத் தோட்டப் பக்கம் கொலையைச் சிரிப்பாகக் காட்டும் படங்களை வருடம் தவறாமல் எடுப்பார்கள். பிணமாகக் கிடக்க அவரைவிட்டால் ஆளில்லை. பக்கத்தில் நின்று போலீஸ்காரர் சூடான இறைச்சி ரொட்டி தின்பார், விதவை மழை வரவில்லையே என்று புலம்புவாள். வெண்டலினின் இமைகூட அசையாது.

வெளியூர்க்காரர்கள் இந்தச் சாவுக் கேலியைச் சினிமாவுக்காகச் செய்வது என்று நினைக்கிறார்கள். இல்லை. "எப்படி இருக்கே?" என்றால் எங்கள் ஊரில் "நல்லா இருக்கேன்" என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் பெருமையடிப்பதாகும். சாவைத் தொட்டு ஒரு கேலி சொல்ல வேண்டும். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த நர்ஸ் சென்ஸி, நானும் அப்படித்தான்.

அக்டோபரில் ஒரு நிலவறை மதுக்கிடங்கில் படப்பிடிப்பு. முதலுதவிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் வெண்டலினிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இடது கை எனக்கு முன்னாடியே கல்லறைக்குக் கிளம்பிடுச்சு, சென்ஸி. இடம் பிடிச்சு வைக்குமாம்."

"நிழலாப் பாத்துப் பிடிக்கச் சொல்லு. எனக்கும் ஒண்ணு."

இருவரும் சிரித்தோம். மூன்று மணி நேரம் கழித்து அவர் பீப்பாய்களுக்கு நடுவே படுத்தார்.

"பிணம் வியர்க்குது, துடைங்க!" என்று கத்தினார் இயக்குநர். ஒப்பனைக்காரி துடைத்தாள். மறுபடியும் வியர்த்தது.

"உயிரோட இருந்தப்ப ஒரு சொட்டு வியர்வை சிந்தினதில்ல இந்த மனுஷன்," என்றார் போலீஸ்காரராக நடித்தவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மூன்றாவது முறை துடைக்கும்போதுதான் என் விரல்கள் குளிரில் விறைத்திருப்பதைக் கவனித்தேன். அந்தக் குளிரில் யாருக்கும் வியர்க்காது.

கேமராவுக்குக் குறுக்கே போய் நாடியைப் பிடித்தேன்.

"போ சென்ஸி, இவ்வளவு நல்லா நான் செத்ததே இல்ல. கெடுத்துடாதே."

"வாயை மூடு. நெஞ்சு வலிக்குதா?"

"யானை உக்காந்திருக்கு. டிக்கெட்டும் வாங்கல."

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. காலையிலேயே வந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த மூன்று மணி நேரம் என்னுடையது. இடது கை என்று அவர் சொன்னார், நான் நிழல் கேட்டேன்.

இப்போது செவ்வாய்தோறும் மாத்திரைகளைப் பிரித்து வைக்கப் போகிறேன். மாடிப்படி ஏற முடியாமல் சமையலறையிலேயே கட்டில் போட்டிருக்கிறார்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன், சென்ஸி."

இந்த ஊரில் யாரும் எனக்கு அப்படிப் பதில் சொன்னதில்லை. உட்காராமலே கைக்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணத் தொடங்குகிறேன்.