ஜெபக் குரூப்பில் என் கணவரின் போட்டோ

இன்று காலை ஓமலூர் பஸ்ஸில் நானும் கணவரும் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா திரும்பி அவரிடம் கனிவாகப் பேசினார்.

"மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடறீங்களாமா சாமி? பயப்படாதீங்க. எங்க ஜெபக் குரூப்புல உங்க போட்டோ வந்துச்சுங்க. தினமும் ஜெபிக்கிறோம்."

பக்கத்தில் நின்றவர்கள் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. சபையில் என் பக்கத்தில் முழங்கால் போடும் தோழியிடம் மட்டும், அழுதுகொண்டே சொல்லியிருந்தேன்.

இறங்கியதும் அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் புறணி பேசலைங்க அக்கா. ஜெபக் குறிப்பாத்தான் போட்டேன்."

"போட்டோ இல்லாட்டி ஆண்டவருக்கு எங்கூட்டுக்காரரை அடையாளம் தெரியாதா?"

"ஆண்டவருக்குத் தெரியுமுங்க. ஜெபிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அவள் குரலில் துளி வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் இதை எழுதட்டுமா என்று கணவரிடம் கேட்டேன்.

"எழுது. இனி ஒளிக்க என்ன இருக்குது?"

நண்பர்களே, கமெண்டில் ஆமென் வேண்டாம். எங்களுக்காக ஜெபிப்பதாக இருந்தால், தயவுசெய்து ஆண்டவரிடம் மட்டும் சொல்லுங்கள்.