பச்சையாகிப்போன பைப்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெயர் சந்திரன். சாம்பல்தீவில் படிப்பிக்கிற ஆசிரியர். கையில் ஒரு பழைய பிஸ்கட் ரின், தகரப் பெட்டி.

"பரிமளம் மாமி தந்துவிட்டவ. உங்களிட்டைக் காட்டி ஒரு கேள்வி கேட்கச் சொன்னவ."

"என்ன கேள்வி?"

"இது ஆருடைய பைப் எண்டு."

மூடியைத் திறந்தார். பஞ்சுக்குள் ஒரு புகையிலைப் பைப் கிடந்தது. கிண்ணம் சாதாரண மரக் கிண்ணம். வாயில் கடிக்கும் தண்டுதான்... பச்சை. இலைப் பச்சை அல்ல. அடிபட்டுக் கன்றிய தோல் ஆறும்போது ஒரு பச்சை வருமே, அது.

விரல்கள் குளிர்ந்தன. பத்து மணி, பங்குனி வெயில், வெளியே சைக்கிள் மணிகள்... என் விரல்கள் மட்டும் குளிர்ந்தன.

இந்தப் பைப்பை இருபத்தொரு வருடத்துக்கு முன் பொலிஸ் நிலைய மேசையில் பார்த்திருக்கிறேன். இல்லை. இதை அல்ல, இதன் ஜோடியை.

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். கார்த்திகையில் இதே பத்திரிகைப் பத்தியில் பைப் தண்டுகளின் நிறங்களைப் பற்றி எழுதியிருந்தேன். பைப் பிடிக்கிறவர்கள் எண்ணி ஏழு பேர் உள்ள ஊரில் இது என்ன பெரிய விஷயம் என்று இரண்டு பேர் கடிதமும் போட்டார்கள். மஞ்சள் தண்டு மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்று பிடிக்கிறவருக்கு. சிவப்பு, வெற்றிலை போட்ட வாய்க்குப் பக்கத்தில் எடுபடாது. எலும்பு வெள்ளை ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். கறுப்பு ஒன்றுதான் மரியாதை... இப்படிப் போனது என் ரசனை.

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கறுப்புத் தண்டை வெயிலிலும் உப்புக் காற்றிலும் போடாதீர்கள், பச்சை பிடித்துவிடும் என்று.

அந்த வரியை ஏன் எழுதினேன்? விளையாட்டாக என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தியாகராசா என் நண்பன். எல்லோருக்கும் தியாகு. இங்கிலீஷ்காரரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் இருவரும் டொக்யார்ட்டில் வேலை செய்தோம். நான் ஸ்டோர்ஸ் கிளார்க், அவன் லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகுகளுக்கு மெக்கானிக். அவர்கள் மூட்டை கட்டிப் போனபோது ஒரு அதிகாரி தன் சாமான்களை விற்றார். தியாகு இரண்டு பைப்புகளை வாங்கினான். ஒரே அச்சு, ஒரே கறுப்புத் தண்டு. ஒன்று கடலுக்கு, ஒன்று வீட்டுக்கு.

பைப் பிடிக்க என்னைப் பழக்கியவன் அவன். நிறத்தைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்தவன் நான்.

"உமக்குப் புகையிலையிலை ஆசை இல்லை காணும்," என்பான். "கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பிடிக்கிற ஆள் நீர்."

ஒவ்வொரு நாளும் காலையில் லோஞ்சில் ஏறுமுன் தண்டைத் துணியால் அழுத்தித் துடைப்பான். காக்கைச் சிறகுபோல மினுங்கும். ஏன் துடைக்கிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவனுக்கும் என் ரசனைதான் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

ஒரு மார்கழியில், துறைமுக வாயிலுக்கு வெளியே நின்ற கப்பலுக்குப் போன லோஞ்சு கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். தியாகு சேரவில்லை.

பதினோராம் நாள் சாம்பல்தீவுக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. அதற்குமேல் எழுதமாட்டேன். பரிமளம், தியாகுவின் மனைவி, தானே வருவதாக நின்றார். நான்தான் தடுத்தேன்.

"நீங்கள் பார்க்க ஏலாது தங்கச்சி. நான் போய்ப் பார்த்துச் சொல்லுறன்."

உடலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மூதூர்க்காரரான சார்ஜன்ட் என்னை மேசைக்குக் கூட்டிப்போனார். ஒரு தட்டில் பைப். சட்டைப் பையில் கிடந்ததாம், தண்டு வெளியே நீட்டியபடி. இரண்டு மூன்று நாள் கரையில் வெயிலிலும் கிடந்திருக்கிறது.

தண்டு பச்சை. கன்றிப்போன பச்சை.

"இவருட சாமானா ஐயா?"

நான் ஏறக்குறையச் சிரித்தேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. "இதை அவன் வாயிலை வைப்பானோ? அவன்ரை தண்டு கறுப்பு. நல்ல கறுப்பு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற ஆளும் இல்ல சொல்றதுக்கு."

"எனக்குத் தெரியாத பைப்போ?"

சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். இனந்தெரியாத ஆண். உடலை அந்தக் கரையிலேயே, சவுக்கு மரங்களுக்கு அப்பால், ஒரு கறுத்த பாறைக்குப் பக்கத்தில் தாட்டார்கள். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பரிமளத்திடம், "அது அவன் இல்லை, பைப்பின்ரை நிறம் வேறை," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்.

இரண்டு வருடம் போனது. நான் லிங்கநகரில் குடியிருந்தேன். நீண்ட லீவில் போய்த் திரும்பி, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தேன். யன்னல் கட்டையில் என் சொந்தக் கறுப்புத் தண்டுப் பைப். மறந்து விட்டுப்போயிருந்தேன்.

தண்டு பச்சை.

பொலிஸ் மேசையில் கிடந்தது எழுந்து வந்து என் யன்னலில் படுத்திருப்பதுபோல் இருந்தது. அறைக்குள் வேறு யாரோ நிற்கிற மாதிரி. நான் திரும்பிப் பார்த்தேன் — வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — நடுப்பகலில், என் சொந்த வீட்டில், திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் மெல்ல மேலே வந்தது. தியாகு பைப்பை இடது பக்கக் கடைவாயில்தான் கடிப்பான். அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பொலிஸ் மேசையில் கிடந்த தண்டிலும் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கண் பார்த்தது. நான்தான் பார்க்கவில்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பரிமளம் நம்பிக்கையோடு இருக்கிறார், பொட்டோடு இருக்கிறார், அதை ஏன் கெடுப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. உண்மை அதைவிடச் சின்னது. ஒரு பைப்பின் நிறத்தில் நான் பிழை விட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

பைப்பை அன்றோடு விட்டேன். ரசனையை விடவில்லை போலிருக்கிறது. இல்லாவிட்டால் கார்த்திகையில் அப்படி எழுதுவேனா?

சந்திரன் இன்னும் பதிலுக்கு நின்றார். "மாமிக்கு என்ன சொல்லுறது ஐயா?"

"நானே வாறன்," என்றேன்.

பஸ்ஸில் ரின் என் மடியில் இருந்தது. குலுங்கும்போதெல்லாம் உள்ளே மெல்லத் தட்டியது. பஞ்சு வைத்திருக்கிறதே, எப்படித் தட்டும் என்று கேட்காதீர்கள்.

பரிமளம் தங்கை வீட்டோடு சாம்பல்தீவுக்கு வந்து பல வருடம். தலை முழுக்க வெள்ளை. நெற்றியில் அதே பெரிய குங்குமப் பொட்டு. சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பவில்லை.

"கதிரையிலை இருங்கோ அண்ணை."

இருந்தேன். "தங்கச்சி... இது தியாகுவுடையது."

"இது அவருடையது எண்டு எனக்குத் தெரியாதோ? என்ரை அலுமாரியிலை சுத்தி வைச்சிருந்தது. கறுப்பாய்த்தான் இருந்தது. சந்திரன் நீங்கள் எழுதினதை வாசிச்சுக் காட்டினவன். பச்சை எண்ட இடத்திலை திருப்பி வாசி எண்டனான். பிறகு தண்ணியிலை நனைச்சு நனைச்சு யன்னலிலை வைச்சனான், மாசி முடியுமட்டும்." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "நான் கேட்டது மற்றதை."

"மற்றதும் அவனுடையதுதான்."

"அதுவும் இந்த நிறமோ?"

"ஓம். இதே நிறம்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"இரண்டு வருசத்துக்குப் பிறகு."

"அப்ப பத்தொன்பது வருசம்." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பச்சை எண்டு ஒரு சொல். அதைக் கொண்டு வர இவ்வளவு காலம்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"எங்கை தாட்டவை?"

"இஞ்சைதான். சவுக்கு மரத்துக்கு அங்காலை, கறுத்த பாறையடியிலை."

சுளகு நின்றது. சந்திரன் முகத்தை வேறு பக்கம் திருப்பினார்.

"அந்தப் பேரில்லாத ஆளோ?" என்றார் பரிமளம்.

அரிசியை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு மறு பக்கம் ஒதுக்கினார்.

"ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அந்த ஆளுக்கு ஒரு விளக்கு வைக்கிறனான் அண்ணை. கேட்க ஆருமில்லாத ஆள் எண்டு. எங்கையோ ஒரு கரையிலை இவர் கிடந்தால் அங்கையும் ஒருத்தி வைப்பாள் தானே எண்டு."

ரின்னை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் பைப்பை எடுத்து, சேலைத் தலைப்பால் தண்டை அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். அவன் துடைப்பது போலவே.

"விளக்கு வைக்கேக்கை அங்கை சில வருசம் நல்லாய்ப் புகையிலை மணக்கும்," என்றார், துடைத்துக்கொண்டே. "கரைவலைக்காரர் ஆரும் சுருட்டுப் பிடிக்கினமாக்கும் எண்டு நான் திரும்பிப் பார்க்கிறதில்லை."

ஆடி அமாவாசையன்று அந்தக் கரையில் ஒருவரும் வலை வளைப்பதில்லை. ஊர் முழுக்கத் தீர்த்தத்துக்குப் போய்விடும். நான் அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை — நான் சொல்லாமல் விட்டவற்றுள் என்னை உறுத்தாதது அது ஒன்றுதான்.