மூன்று பெர்த்துகளும் ஒரு பீட்டாவும்

நான் ஒரு மடையன். இதை யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, என் வாயாலேயே கேட்டுவிடுவது எனக்குக் கொஞ்சம் கௌரவம். அதனால்தான் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.

சாதாரண மடையனும் இல்லை. பாரா நம்பர் போட்டு, கையெழுத்து வைத்து, தேதியும் போட்டு மடத்தனம் செய்கிறவன். இருபத்திரண்டு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியவனுக்கு மடத்தனம்கூட ஃபைல் வழியாகத்தான் வரும்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி தன்னுடைய புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை இன்னும் செய்து முடிக்கவில்லை. முடிப்பதற்குள், 'யாராவது உபயோகித்துப் பார்த்து எங்கே உதைக்கிறது என்று சொல்லுங்களேன்' என்று ஊரைக் கூப்பிட்டது. இந்த அரைவேக்காட்டுக்கு பீட்டா என்று பெயர். மாதா மாதம் வாங்கி, பாதி புரியாமல் நான் அடுக்கி வைக்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு அது ஒரு டிவிடியாக வந்து சேர்ந்தது... இலவசமாக.

டிவிடியின் உறையிலேயே எச்சரிக்கை இருந்தது. 'உங்கள் முக்கியமான கம்ப்யூட்டரில் இதைப் போடாதீர்கள்.' தெளிவாக, கறுப்பு எழுத்தில். எங்கள் ஜனக்புரி மார்க்கெட்டிலும் 'இங்கே ஸ்கூட்டர் நிறுத்தாதீர்' என்று ஒரு போர்டு உண்டு. அதைப் படிக்க வேண்டுமானால் நாலு ஸ்கூட்டரை நகர்த்த வேண்டும். டெல்லியில் எச்சரிக்கைகளை நாங்கள் படிக்கும் விதம் அது.

இருந்தாலும் நான் பொறுப்பான ஆள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்ய மாட்டேன். பழைய சர்க்குலர் ஒன்றின் முதுகில் முறைப்படி நோட் எழுதினேன்.

'1. இந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. ஒரே ஒரு பதவி இருக்கும் இடத்தில் சீனியாரிட்டிப் பிரச்சினை எழாது. ஆகவே இதை "முக்கியமான" கம்ப்யூட்டர் என்று கருத முகாந்திரம் இல்லை. 2. செலவு: இல்லை. 3. சம்பந்தப்பட்டவர் கருத்துக்காக.'

சம்பந்தப்பட்டவர் என்றால் என் மனைவி கல்யாணி. நோட்டை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அதன் கீழே 'கொத்தமல்லி, பச்சை மிளகாய், தயிர்' என்று அவள் எழுதியிருந்தாள். ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை. சரிதானே?

ஆனாலும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல். செய்து முடிக்காத ஒன்றை நம்பி, ஓடிக்கொண்டிருப்பதை அழிக்கலாமா? மதியச் சாப்பாட்டின்போது எங்கள் செக்‌ஷன் சக்சேனாவிடம் கேட்டேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சர்க்கார் தெரியும்.

"டெம்பரரி சீஸ் ஹை க்யா?" என்றார், பராட்டாவைக் கிழித்துக்கொண்டே.

தற்காலிகம்தான் என்றேன்.

"ஃபிர் க்யா டர்னா, சார்? ஜோ டெம்பரரி ஹை, வஹி தோ பர்மனெண்ட் ஹை."

அப்புறம் என்ன பயம், எது தற்காலிகமோ அதுதானே நிரந்தரம் - என்ன ஒரு வாக்கு. எங்கள் ஆபீஸே யுத்த காலத்தில் தற்காலிகமாகப் போட்ட ஷெட்டில்தான் இன்னும் நடக்கிறது. என் பதவி, வருஷா வருஷம் 'மேலும் ஓராண்டுக்கு' என்று நீட்டிக்கப்படும் தற்காலிகப் பதவி. அதில் நான் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சீனியாரிட்டி லிஸ்ட் 'புரொவிஷனல்' என்ற பெயரிலேயே மூன்று பேரை ரிடயர் பண்ணி அனுப்பிவிட்டது. இந்த ஊரில் 'ஃபைனல்' என்று முத்திரை குத்தியவைதான் மறுவாரமே மாறும்.

ஆக, பீட்டா என்றால் என்ன? புரொவிஷனல். புரொவிஷனல் என்றால் என்ன? கல்லு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை, கல்யாணி கோயிலுக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் பழைய சிஸ்டத்தைத் துடைத்து எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பதும் தெரியும். ஓரத்தில் பெரிய கடிகாரம். பிரின்டரை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆபீசருக்கு ஸ்டாஃபைத் தெரிந்துகொள்ள நாளாகாதா?

கோயிலிலிருந்து வந்தவள் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"புதுசு போட்டிருக்கேன்."

"பழசு?"

"அழிச்சாச்சு."

"புதுசு முழுசா ரெடியா?"

"ரெடி பண்ணிட்டிருக்காங்க."

திரையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "புது வீடு கட்டி முடிக்கறதுக்குள்ள இருக்கற வீட்டை இடிச்சிருக்கீங்க" என்றாள். குங்குமத்தை எனக்கு வைக்காமலே உள்ளே போய்விட்டாள்.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. மே மாதம் கும்பகோணத்தில் அவள் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டியது நாத்தனார். கல்யாணி கூடப் பிறந்த ஒரே அக்கா. அந்த இரண்டு முடிச்சுக்காக அவள் தம்பியின் முப்பத்து நாலு வயது வரை காத்திருக்கிறாள். இதற்கு நடுவில் பெரியப்பா பெண் ஒருத்தி திருச்சியிலிருந்து போன் பண்ணி, "உனக்கு டிக்கெட் கிடைக்கலேன்னா கவலைப்படாதே கல்யாணி, நான் இருக்கேன், நான் போட்டுடறேன்" என்று ரொம்பப் பிரியமாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பிரியத்துக்கு அப்புறம் என் மனைவிக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

மே மாதத்தில் டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் என்றால் என்ன என்பது இங்கே இருக்கும் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு ரிசர்வேஷன் திறக்கும். எட்டே காலுக்கு முடிந்துவிடும். ஸ்கூல் லீவும் கல்யாண சீசனும் ஒன்றாக வருவதால், சர்க்காரில் இருக்கும் அத்தனை தமிழர்களும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் தங்கள் முழு வேகத்தைக் காட்டுவார்கள்.

பதினேழு வருஷமாக எங்கள் வீட்டில் இது கல்யாணியின் இலாகா. விடியும் முன்னே கவுன்டருக்குப் போய் க்யூவில் நின்று, ஆபீஸ் நேரத்துக்குள் டிக்கெட்டோடு வந்துவிடுவாள். இந்தத் தடவையும் கேட்டாள்.

"நான் வேணா கவுன்டருக்கே போயிடட்டுமா?"

"இந்தக் காலத்துல யாராவது க்யூவுல நிப்பாங்களா, கல்யாணி? பிராட்பேண்ட் எதுக்கு வாங்கினோம்? நீ காபி போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள மூணு டிக்கெட்டையும் எடுத்துக் காட்டறேன்."

"சரி" என்றாள்.

இருபது வருஷம் குடித்தனம் பண்ணிய கணவர்களுக்கு அந்த 'சரி'க்கு அர்த்தம் தெரிந்திருக்கும். எனக்குப் பத்தொன்பதுதான் ஆகியிருந்தது.

அந்த நாள் வந்தது. ஏழரை மணிக்குக் குளித்து, விபூதி பூசி உட்கார்ந்தேன். கல்யாணியைக் காணோம். என் பெண் நித்யா, பிளஸ் ஒன் படிக்கிறவள், பல் தேய்த்தபடி வந்து நின்றாள்.

"அம்மா எங்கேடி?"

"வாக் போயிருக்கா. ஜல்தி வந்துடுவேன்னு சொன்னா."

நல்லது, வெற்றிச் செய்தியோடு வரவேற்கலாம் என்று நினைத்தேன். ஏழு ஐம்பத்தெட்டுக்கு டிக்கெட் வெப்சைட்டுக்குள் போய்விட்டேன். எட்டு அடித்தது. பெர்த் இருக்கிறது, பச்சையாகக் காட்டுகிறது. மூன்று பெயர், மூன்று வயது, ஒரு லோயர் பெர்த். பேங்குக்குப் போகும் பட்டனை அமுக்கினேன்.

திரை இருட்டியது. நடுவில் ஒரு பெட்டி: 'ஏதோ ஒரு புரோகிராம் ஏதோ செய்ய விரும்புகிறது. அனுமதிக்கலாமா?'

அனுமதித்தேன்.

'நிச்சயமாகவா?'

நிச்சயமாக.

'இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?'

"அப்பா, ஹான் போல் நா" என்றாள் நித்யா.

"சரி, சரின்னு சொல்லிட்டேதான்டி இருக்கேன்."

எங்கள் ஆபீசில் ஒரு டேபிள் ஃபேன் வாங்க நான் ஆறு பேரிடம் கேட்கும் அதே கேள்விகள், அதே வரிசையில். வாழ்க்கையில் முதல் தடவையாக, பொதுமக்கள் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே மின்விசிறி கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலாவது தடவை அனுமதித்ததும், அந்த அழகான கண்ணாடி ஜன்னல் பால் மாதிரி வெளுத்தது. அப்படியே நின்றது. மௌஸை ஆட்டினேன், தட்டினேன், கடைசியில் கெஞ்சினேன். ஒரு பெட்டி வந்தது. 'ஒரு பிரச்சினை ஏற்பட்டுள்ளது. இது பற்றிக் கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப விருப்பமா? உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"கித்னா பொலைட்! என்ன மரியாதை!" என்றாள் நித்யா.

அணைத்துப் போட்டேன். அது எழுந்து, சோம்பல் முறித்து, கண்ணாடி ஜன்னலைத் திறந்து, பிரின்டரை மறுபடி யார் என்று கேட்டு முடிக்க ஒன்பது நிமிஷம். எட்டு பதினாறுக்கு மறுபடி வெப்சைட்டுக்குள் போனேன். பச்சையாக ஒன்றுமே இல்லை. வெயிட்டிங் லிஸ்ட். அதுவும் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் அளவுக்கு.

"அடுத்த ட்ரெயின் பாரேன், அப்பா."

பார்த்தேன். முந்தின நாள் பார்த்தேன். அதுவும் போயிருந்தது. பக்கத்து மார்க்கெட் நெட் சென்டர் பத்தரைக்குத்தான் ஷட்டரைத் தூக்கும்.

"அம்மாவை யார் ஃபேஸ் பண்ணுவா?" என்றாள் நித்யா. டூத் பிரஷை வாயிலிருந்து எடுத்து என்னைக் காட்டினாள்.

கண்ணை மூடினால் கும்பகோணம் மண்டபம் தெரிகிறது. மேளம் கொட்டுகிறது, முதல் முடிச்சு விழுகிறது, திருச்சிக்காரி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வருகிறாள்...

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, நான் கண்டுபிடித்த தத்துவத்தைச் சொல்லிவிடுகிறேன். சக்சேனா சொன்னது சர்க்காருக்குப் பொருந்தும். அங்கே ஒரு தற்காலிகப் பதவி நாற்பது வருஷம் நிற்பதற்குக் காரணம் அதன் பலம் இல்லை. அதை நம்பி யாருக்கும் எந்த வேலையும் நடக்க வேண்டியதில்லை என்பதுதான். வேலை நடந்தே தீர வேண்டிய இடத்தில் தற்காலிகம் தற்காலிகம்தான். பரீட்சை பண்ணிப் பார்க்கும் ஆசை வந்தால், டிவிடி உறையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்த மாதம் யாருக்குக் கல்யாணம் என்று.

ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. கல்யாணி. செருப்பெல்லாம் புழுதி. வாக்கிங் போனவள் தோளில் எதற்குத் தண்ணீர் பாட்டிலும் மடக்கு ஸ்டூலும்?

நான் ஆரம்பித்தேன். "கல்யாணி, ஒரு சின்ன பிரச்சினை..."

"தெரியும். நாலரைக்குக் கிளம்பினேன். க்யூவுல நான் அஞ்சாவது ஆள்" என்று சொல்லி, ஹேண்ட்பேக்கிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கன்ஃபர்ம்டு.

நித்யா அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. முடிச்சு பிழைத்தது, குடித்தனமும் பிழைத்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிக்கெட்டை ஆசையாகப் படித்தேன்.

கல்யாணி, பெண், நாற்பத்து மூன்று. நித்யா, பெண், பதினாறு.

திருப்பிப் பார்த்தேன். பின்னால் விதிமுறைகள்தான் இருந்தன.

"கல்யாணி... ஒரு ஃபார்ம்ல ஆறு பேர் வரைக்கும் எழுதலாமேம்மா?"

ஸ்டூலை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போகிற போக்கில் சொன்னாள்:

"எழுதலாம்."