கல்ச்சி

எருமைப்பட்டி வைத்துப் பால் கறந்த கிண்ணியாக் குடும்பத்தில் பிறந்தவள் றுமானா. சீதன வீடு கூரை போடாமல் கிடந்ததால், கலியாணம் முடித்துத் திருகோணமலை டவுனில் மாமி மைமூனாவின் வீட்டில் இருந்தாள். மாமி நேரே ஏசமாட்டார். வந்தவர்களிடம், "பட்டிக்காட்டுப் புள்ள, அதுக்கென்ன தெரியும்" என்பார். லீவில் வந்து நிற்கும் கணவன் றிஸ்வி கேட்டும் கேளாதவன்போல இருந்துவிடுவான். அவன் அயர்லாந்தில், டப்ளின் நகரத்து ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறான் என்பது மாமியின் பெருமை.

இந்த முறை லீவில் வந்தவன், அயர்லாந்துக் கூட்டாளியோடு ஃபோனில் இங்கிலீசில் கதைத்துச் சிரித்தான். நடுவில் "கல்ச்சி" என்றொரு சொல். சொல்லும்போது றுமானாவை ஒரு பார்வை பார்த்தான். மறுநாளும் அதே சொல், அதே பார்வை.

அண்ணன் லாபிர் உப்புவெளியில் வெள்ளைக்காரரை டொல்பின் பார்க்கப் படகில் கூட்டிப்போகிறவன். அவனிடம் கேட்டாள்.

"காக்கா, கல்ச்சி எண்டா என்ன?"

"அயர்லாந்துக்காரன்ட சொல். பொகர் எண்டும் சொல்லுவானுகள். இங்கிலீஸ்காரன் பம்ப்கின் எண்டுவான். எல்லாம் ஒண்டுதான், நம்மட பட்டிக்காட்டான். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

அன்று மாலை அறைக் கதவைச் சாத்தினாள்.

"கூட்டாளிக்கிட்டயும் என்னைப் பட்டிக்காடு எண்டுதானே சொல்றீங்க?"

றிஸ்வி திடுக்கிட்டான். "உன்னை இல்ல. அவன் என்னைத்தான் அப்பிடிச் சொல்றவன், நானும் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறது. அது உனக்கு விளங்கிச்சோ எண்டுதான் பாத்தனான்."

"டப்ளினில இருக்கிற உங்களை ஏன் அப்பிடிச் சொல்லணும்?"

ஜன்னலையும் சாத்திவிட்டுச் சொன்னான். ஹோட்டல் வேலை போய்விட்டதாம். இப்போது எங்கோ ஒரு நாட்டுப்புறத்துப் பண்ணையில் மெஷின் பூட்டிப் பால் கறக்கிறானாம்.

"மாமி என்னைச் சொல்லேக்க வாய் திறக்கலியே நீங்க."

"திறந்தா என்ட கதையும் வந்துடுமெண்டு பயம்."

பொய்யைவிட அந்தப் பயம்தான் அவளைச் சுட்டது. "மாமிக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்லமாட்டன்" என்றாள்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவன் சொன்னான். மைமூனா, "மாடா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டு, கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். அதன்பிறகு, றுமானாவின் காது கேட்க, அந்த வீட்டில் பட்டிக்காடு என்ற பேச்சு எழவில்லை.

றிஸ்வி திரும்பிப் போய்விட்டான். கிழமைதோறும் வீடியோவில் கதைக்கிறான். அவள் சுகம் கேட்கிறாள், சிரிக்கிறாள். கண் மட்டும், சொன்ன இடத்தில்தான் இருக்கிறானா என்று, அவன் தோளுக்குப் பின்னால் தெரியும் சுவரையும் ஜன்னலையும் துழாவிக்கொண்டே இருக்கிறது.